சன்ரூஃப்பும் இரண்டாவது கியரும்

சேலத்தில் உத்தியோகம் பார்க்கும் என் மச்சினன், ஐந்து வருஷத் தவணைக்கு பேங்கில் கை வலிக்கக் கையெழுத்துப் போட்டு ஒரு க்ரெட்டா வாங்கிவிட்டான். நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிற வண்டி. 2015-ல் வந்ததிலிருந்து ஆபீஸ்வாசிகளின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

"மாமா, ஏற்காடு போய் தலைச்சோலை அண்ணாமலையாரைக் கும்பிட்டுட்டு வந்துடலாம். அப்படியே வண்டிக்கு நீங்க மார்க் போடணும்."

முன் சீட்டில் அடியேன். பின் சீட்டில் மாமனார், மாமியார், என் சகதர்மிணி. மாமனார் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ரிடையரானவர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

அடிவாரம் வரை மச்சினனின் வர்ணனைதான். திரை இரண்டு. கூரை முழுக்கக் கண்ணாடி. ஆறு ஏர்பேக். (இந்தக் கடைசி ஐட்டத்துக்கு மட்டும் நான் தலையாட்டினேன். 2022-ல் குளோபல் என்கேப் மோதிப் பார்த்த க்ரெட்டாவில் இரண்டே ஏர்பேக். கிடைத்ததும் மூன்றே நட்சத்திரம். 2024 மாடலில் எல்லா ரகத்திலும் ஆறு.)

மாமனார் ஒரே கேள்விதான் கேட்டார். "ஸ்டெப்னி எங்கேடா?"

மலைப் பாதை ஆரம்பித்தது. கொண்டை ஊசி வளைவுகள் இருபது. சேலம் ஆயிரம் அடிக்கும் கீழே. ஏற்காடு கிட்டத்தட்ட ஐயாயிரம் அடி. மூன்றாவது வளைவிலேயே வண்டிக்கு மூச்சு வாங்கியது. ஏ.சி. ஓடுகிறது, ஐந்து பேர், மூன்றாவது கியர்... எப்படி இழுக்கும்?

வண்டியின் மேல் குற்றமில்லை ஸார். இவன் வாங்கியது டர்போ இல்லாத ஒன்றரை லிட்டர் பெட்ரோல். 115 குதிரை சக்தி உண்டு. ஆனால் இழுவிசை 144 நியூட்டன் மீட்டர்தான். அதுவும் 4,500 சுற்றில்தான் முழுசாக வரும். மேலே போகப் போகக் காற்று வேறு மெலிகிறது. ஏற்காடு உயரத்தில் ஏழில் ஒரு பங்கு சக்தி காலி. டர்போவில் 253, டீசலில் 250. இரண்டுக்கும் 1,500 சுற்றிலேயே முழு இழுவை. டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் மலையும் அவ்வளவாகப் படுத்தாது. சென்னையில் சிக்னலுக்கு சிக்னல் நகர்கிறவருக்கு சாதா பெட்ரோல் தாராளம். மாசம் ஒரு தரம் மலை ஏறுகிறவர் சன்ரூஃப்புக்குக் கொடுக்கிற காசை இன்ஜினுக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

இரண்டாவது கியருக்கு மாற்றியதும் சமர்த்தாக ஏறியது. ஸ்டீயரிங் பஞ்சு. பள்ளத்தில் விழுந்தாலும் மாமியார் முனகவில்லை. அவரிடம் இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். இது ஜீப் வேஷம் போட்ட கார். தரையிலிருந்து 190 மில்லிமீட்டர் உயரம் இருந்தாலும் இழுப்பது முன் சக்கரம் இரண்டுதான். மழை நாளில் காப்பித் தோட்டத்து மண் பாதையில் வீரம் காட்ட வேண்டாம்.

சாமி கும்பிட்டாச்சு. இறங்கும்போதுதான் வினை. பயல் நியூட்ரலில் போட்டுவிட்டான்!

"பெட்ரோல் மிச்சம், மாமா."

மிச்சமாவது! இந்தக் காலத்து இன்ஜின், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் சும்மா குடித்துக்கொண்டிருக்கும். நான் இதை விளக்கி முடிப்பதற்குள் நாலு வளைவு போய்விட்டது. ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை. மச்சினன் முகம் வெளுத்தது. "மாமா... பிரேக் உள்ளே போகுது."

கீழேயிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. நாங்கள் நின்றாக வேண்டும்.

"மூணுல போடு... இப்ப ரெண்டு... கிளட்சை விடு" என்றார் மாமனார், வெற்றிலை பாக்குக் கேட்கிற குரலில். இன்ஜின் அலறியது. வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி அடங்கியது. மிச்சமிருந்த பிரேக் போதுமானதாக இருந்தது. பஸ் கடந்து போனது. என் சகதர்மிணி அண்ணாமலையாருக்கு இன்னொரு அர்ச்சனை நேர்ந்துகொண்டாள்.

ஓரமாக நிறுத்தி, சக்கரம் ஆறும்வரை அரை மணி நேரம் மௌன விரதம். அப்புறம் அடிவாரம் வரை இரண்டாவது கியர்.

"மாமா, மார்க்கு?" என்றான் மச்சினன், ஈனஸ்வரத்தில்.

"வண்டிக்கு ஏழரை."

"ஏழரை வேண்டாம் மாப்ளே" என்றார் மாமனார். "எட்டாப் போட்டுடுங்க. இன்னும் அஞ்சு வருஷம் தவணை கட்டணும்."