தானாக வருமா?

“கெட்டிக்காரப் பிள்ளை தானாக முன்னுக்கு வரும், பின்தங்கியவரைக் கவனித்தால் போதும்” என்கிறார்கள். அந்தத் ‘தானாக’வோடுதான் எனக்குச் சண்டை. கணித மேதை ராமானுஜன் சிறுவயதில் எங்கள் காஞ்சிபுரத்தில் இருந்தவர். கணக்கிலேயே மூழ்கி, மற்றப் பாடங்களில் தவறி, கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார், பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1913இல் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. இதுவா தானாக வந்த லட்சணம்?

இன்று அரசின் ஊரகத் திறனாய்வுத் தேர்வில் வென்ற கிராமத்துப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய். சரி, மறுநாள் வகுப்பில்? அதே பாடம், அதே கொட்டாவி.

காஞ்சிக்குப் பக்கத்துத் திருப்பருத்திக்குன்றத்துத் தறிக்காரரைக் கேளுங்கள். விரல் ஓடுகிற சீடனை அவர் காலமெல்லாம் நூலைத் தார் சுற்றவிடுவாரா? புடவை உடலோடு கரையை இணைக்கும் கோர்வைக்கல்லவா அழைப்பார்! அதனால் மற்றவன் தறி நின்றுபோனதாக நான் கேள்விப்பட்டதில்லை.