மூழ்குவோருக்கு அறிவியலில் என்ன இடம்?

கடல் உயிரியலில் பட்டம் பெற்ற ஒருவர், சுற்றுலாப் பயணிகளை ஸ்கூபா முக்குளிப்புக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டியாக வேலைக்குச் சேர்ந்தால், 'படிப்பு வீணாயிற்று' என்று சொல்ல நம்மிடையே ஆள் குறைவில்லை. ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருப்பவர் அறிவியலாளர். நாள்தோறும் கடலுக்குள் இறங்குபவர் கேளிக்கைத் தொழிலாளி. இப்பாகுபாட்டை நாம் ஏற்கவில்லை. கையால் உழைப்பவனுக்கு அறிவு கிடையாது என்னும் பழைய நம்பிக்கைதான் இங்கே ஈர உடையில் வந்து நிற்கிறது.

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபை எடுத்துக்கொள்வோம். சுமார் 2,300 கிலோமீட்டர் நீளும் அப்பவளத்திட்டுத் தொடரை எந்த ஆய்வு நிறுவனமும் அன்றாடம் கண்காணித்துவிட முடியாது. செயற்கைக்கோள்கள் கடற்பரப்பின் வெப்பத்தை அளக்கின்றன. ஆனால் அமெரிக்காவின் நோவா அமைப்பு பவளங்களுக்கென வெளியிடும் வெப்ப வரைபடத்தில் ஒரு கட்டமே 5 கிலோமீட்டர் அகலம். வானூர்திக் கணக்கெடுப்போ ஆழம் குறைந்த பகுதிகளையே நன்கு காட்டும். ஒரு குறிப்பிட்ட பவளம் எந்த வாரத்தில் வெளிறத் தொடங்கியது என்று சொல்லக்கூடியவர், அதே பாறைக்கு மீண்டும் மீண்டும் இறங்கும் வழிகாட்டிதான். இதை உணர்ந்தே அங்குள்ள கடற்பூங்கா ஆணையம் 'ஐ ஆன் த ரீஃப்' என்னும் திட்டத்தின்கீழ்ச் சுற்றுலாப் படகுப் பணியாளர்களின் பதிவுகளையும் பெறுகிறது. 2016, 2017, 2020, 2022, 2024 எனப் பேரளவு வெளிறல் அடுத்தடுத்து நேர்ந்துள்ள கடலில் இந்த அன்றாடச் சாட்சியம் சிறிய விஷயமன்று.

'வழிகாட்டி அழகான இடத்துக்கே போவார். அவர் தரவு ஒருபக்கச் சார்புடையது' என்பர். உண்மைதான். அவர் காணும் பாறையைக் கொண்டு முழுக்கடலையும் மதிப்பிட இயலாது. ஆனால் அந்த ஒரு பாறை காலப்போக்கில் எவ்வாறு மாறியது என்பதற்கு அவரைவிட நெருங்கிய சாட்சி யார்?

மறுபக்கத்தாருக்கும் நம் கண்டனம் உண்டு. வழிகாட்டிச் சான்றிதழ் கையில் இருப்பதாலேயே எவரும் ஆய்வாளராகிவிடார். அறிவியல் முக்குளிப்புக்குப் பல நாடுகளில் தனித் தகுதி வேண்டும். புதியவர் ஒருவரின் காற்றுமானியில் கண் வைத்திருக்க வேண்டியவர், அதே வேளையில் அளவுநாடா விரித்துப் பவளங்களை எண்ணினால் பாதுகாப்பும் கெடும், எண்ணிக்கையும் கெடும். ஆகவே கணக்கெடுப்புக்குத் தனி முக்குளிப்பு வேண்டும். அதற்குத் தனிக் கூலியும் வேண்டும். 'அனுபவம் கிடைக்கிறதே' என்று சொல்லி இளம் பட்டதாரிகளிடம் சம்பளமில்லாமல் வேலை வாங்குவதும், அவர்களிடமே கட்டணம் பெறுவதும் பயிற்சி அல்ல, சுரண்டல். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே கடலறிஞராக முடியும் என்ற நிலையை அது உண்டாக்குகிறது.

இக்கதை நம் கடலுக்கும் புதிதன்று. 1902இல் மன்னார் வளைகுடாவின் முத்துப்படுகைகளை ஆராய ஹெர்ட்மன் என்னும் ஸ்காட்லாந்து விலங்கியலாளர் இலங்கைக்கு வந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அறிக்கை இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. அதில் நாம் குறை காணவில்லை. உழைத்தவர் பெயர் நிற்கட்டும். ஆனால் அப்படுகைகளைத் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி இறங்கி அறிந்திருந்த முத்துக்குளிப்போரில் ஒருவர் பெயரையேனும் நம்மால் சொல்ல முடியுமா?

நூறாண்டு கடந்தும் அதே தவற்றைச் செய்ய வேண்டியதில்லை. வழிகாட்டியின் பதிவைப் பயன்படுத்தும் ஆய்வாளர் அவருக்கு முறையான பயிற்சி தரட்டும். செலவிட்ட நாளுக்கு ஊதியம் தரட்டும். கட்டுரையில் அவர் பெயரையும் எழுதட்டும். 'சுற்றுலாப் பணியாளர்களுக்கு நன்றி' என்னும் ஒற்றை வரி போதாது.