இறால் கப்பல் ஏறுகிறது, உப்பு ஊரில் தங்குகிறது

2023-24 நிதியாண்டில் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான உறைய வைத்த இறால் 7,16,004 டன். மதிப்பு ரூ.40,013 கோடி. எண்ணைப் பார்த்ததும் மார்தட்டிக்கொள்ளத் தோன்றும். பசுமைப் புரட்சி, வெண்மைப் புரட்சி வரிசையில் இதற்கு 'நீலப் புரட்சி' என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

சரி, மகிழ்ச்சி. ஆனால் பெட்டிக்கடை அண்ணாச்சிகூட நோட்டில் வரவு, செலவு என்று இரண்டு பக்கம் எழுதுவார். இறால் வளர்ப்புக் கணக்கில் மட்டும் வரவுப் பக்கம்தான் மேடையில் வாசிக்கப்படுகிறது. செலவுப் பக்கம் எங்கே? அது சீர்காழி, தரங்கம்பாடி பக்கத்துக் கடலோர ஊர்களின் கிணற்றுக்குள் இருக்கிறது. குடித்துப் பார்த்தால் தெரியும்.

ஒரு குட்டையின் கணக்கு

இறால் பண்ணை என்பது பார்வைக்கு ரொம்ப சாதுவான சமாசாரம். சதுரமாக ஒரு குட்டை, நாலு பக்கமும் கரை, நீரை அடித்துக் காற்றைக் கலக்கும் சக்கரங்கள், ஒரு காவல் கொட்டகை. புகைபோக்கி இல்லை, சத்தம் அதிகம் இல்லை. 'இதில் என்ன மாசு?' என்றுதான் யாரும் கேட்பார்கள்.

ஒரு ஹெக்டேர் குட்டையில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நிறுத்தினால் அது ஒரு கோடி லிட்டர். அந்த உவர்நீரில் லிட்டருக்கு 15 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம் (கடல் நீரில் சுமார் 35 கிராம்). பெருக்கிப் பார்த்தால் 150 டன் உப்பு! ஒரே குட்டையில், ஒரே நிரப்பலில். எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடாது என்பது உண்மைதான். ஆனால் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் நீர் பக்கவாட்டிலும் கீழேயும் கசியாமல் இருக்காது. வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பது நெல் வயல். பாசன நீரில் லிட்டருக்கு இரண்டு, மூன்று கிராம் உப்பு இருந்தாலே சாதாரண நெல் ரகங்களின் மகசூல் குறையத் தொடங்கிவிடும். கோடையில் குட்டையில் உப்பு ஏறினால் அதைத் தணிக்க நன்னீர் வேண்டும். அதற்கு ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சினால், கடலோரத்தில் நிலத்தடி நன்னீர் காலியாகும் இடத்துக்குக் கடல் நீர் உள்ளே வரும். ஆக மேலிருந்தும் உப்பு, கீழிருந்தும் உப்பு.

அடுத்தது தீவனம். இறாலுக்குப் புரதம் நிறைந்த தீவனம் போட வேண்டும். அந்தப் புரதத்தில் ஒரு பகுதி மீன் தூளிலிருந்து வருகிறது. மத்தி போன்ற சிறு மீன்களும், மடிவலையில் சிக்கும் பொடி மீன்களும் அரைபட்டு மீன் தூளாகின்றன. ஏழைவீட்டுக் குழம்புக்குப் போக வேண்டிய மீன், வெளிநாட்டு ஓட்டலுக்குப் போகும் இறாலுக்குத் தீனி ஆகிறது. கடல் மீனுக்கு மாற்று என்று சொல்லப்படும் தொழில் கடல் மீனையே தின்று வளர்வதை என்னவென்று சொல்வது?

போட்ட தீவனமும் முழுதாக இறாலாக மாறுவதில்லை. தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் பாதிக்கும் குறைவானதே இறாலின் உடலில் சேருகிறது. மிச்சம் நீரிலும் அடிச்சேற்றிலும் நிற்கிறது. அறுவடை அன்று அந்த நீர் வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் முகத்துவாரத்துக்குப் போகும். அங்கே வலை வீசுபவருக்கும் இறால் பண்ணைக்கும் ஒரு ஒப்பந்தமும் கிடையாது. ஆனாலும் செலவில் பங்கு உண்டு.

உப்பு என்னும் நிலத் தரகர்

இதில் மிகப் பெரிய தந்திரம் ஒன்று இருக்கிறது. விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்பது விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வயலுக்குப் பக்கத்தில் குட்டை வருகிறது. நாலைந்து வருடத்தில் வயலில் உப்பு பூக்கிறது. விளைச்சல் விழுகிறது. விவசாயி இரண்டு போகம் நட்டம் பார்த்துவிட்டுத் தரிசாகப் போடுகிறார். இப்போது அது 'விவசாயத்துக்கு லாயக்கற்ற உவர் நிலம்'! குட்டை வெட்டத் தடை இல்லாத நிலம்! அவரே குத்தகைக்கு விடுகிறார், இல்லை கிடைத்த விலைக்கு விற்கிறார். அடுத்த குட்டை வருகிறது. அதற்கு அடுத்த வயல் காத்திருக்கிறது.

ஆக, குட்டையிலிருந்து கசியும் உப்பே அடுத்த குட்டைக்கு நிலம் பிடித்துத் தருகிறது. கமிஷன்கூட வாங்காத தரகர்.

விற்ற நிலச் சொந்தக்காரருக்காவது கையில் ஏதோ காசு வரும். அந்த வயலில் நடவு நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்துப் பிழைத்த பெண்களுக்கு? அவர்கள் பெயரில் பட்டா கிடையாது, ஆகவே நட்டஈடும் கிடையாது. குட்டைக்கு நடவு வேண்டாம், களை வேண்டாம். தீவனம் போட இரண்டு பேர், இரவுக் காவலுக்கு ஒருவர் போதும். காவிரி டெல்டாவின் கடைமடையில் நிலமற்ற கூலிகளில் பெரும்பாலோர் தலித்துகள். நெல் போனால் முதலில் அடுப்பு அணைவது அவர்கள் வீட்டில்தான்.

1996-ல் சொன்ன தீர்ப்பு

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1990களின் தொடக்கத்தில் டைகர் இறால் மோகம் உச்சத்தில் இருந்தபோதே சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் நாகை கடலோரத்தில் இதை எதிர்த்து சத்தியாகிரகம் நடத்தினார்கள். கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பிறகு அந்த மண்ணிலேயே தங்கி, நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித் தர 1981-ல் 'லாப்டி' அமைப்பைத் தொடங்கியவர்கள் அவர்கள். ஒரு பக்கம் ஏழைப் பெண்களுக்கு ஏக்கர் ஏக்கராக நிலம் வாங்கிக் கொடுக்க, மறுபக்கம் பக்கத்து நிலம் உப்பாகிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? எண்பது வயதைத் தொட்ட ஜெகந்நாதன் உச்சநீதிமன்றப் படி ஏறினார்.

1996 டிசம்பர் 11-ல் நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் குட்டை கூடாது. சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் கூடாது. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, ஊர்ப் பொது நிலம் எதையும் குட்டையாக்கக் கூடாது. அந்த மண்டலத்தில் இருக்கும் குட்டைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும். மாசுபடுத்தியவரே நட்டஈடு தர வேண்டும். பாரம்பரிய முறையில் வளர்ப்பவர்களுக்கு மட்டும் விலக்கு.

நீதிமன்றம் சும்மா உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. நாக்பூரின் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) கள ஆய்வு செய்து வரவு செலவு போட்டுக் கொடுத்திருந்தது. இறால் பண்ணைகளால் ஏற்படும் சேதத்தின் மதிப்பு, இறால் விற்றுக் கிடைக்கும் வருமானத்தைவிடத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, ஆந்திராவில் ஏறக்குறைய நான்கு மடங்கு! ஒரு ரூபாய் சம்பாதிக்க ஒன்றரை ரூபாய் செலவு. இதை லாபம் என்று சொல்ல ஒரே வழிதான் உண்டு: ரூபாய் ஒருவருக்கு, செலவு இன்னொருவருக்கு.

சட்டம் வளைந்த கதை

பிறகு நடந்தது வழக்கமான கதை. சீராய்வு மனுக்கள் வந்தன. 1997-ல் குட்டைகளை இடிப்பதற்குத் தடை கிடைத்தது. 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடைகள் இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது என்று அதில் எழுதினார்கள். அதுவும் எந்தத் தேதியிலிருந்து? 1991 பிப்ரவரி 19, அதாவது அந்த அறிவிக்கை பிறந்த நாளிலிருந்தே! நீதிமன்றம் எந்த விதியை வைத்துத் தீர்ப்பு சொன்னதோ, அந்த விதியே இவர்களுக்கு ஒருநாளும் பொருந்தியதில்லை என்று ஆக்கிவிட்டார்கள். ஆட்டம் முடிந்த பிறகு கோல் கம்பத்தை நகர்த்துவது என்றால் இதுதான்.

2005 சட்டத்தில் ஒரு பல் இருந்தது. பதிவு செய்யாமல் பண்ணை நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை. 2023-ல் வந்த திருத்தம் அதையும் பிடுங்கி, பண அபராதமாக மாற்றிவிட்டது. ஆன்டிபயாட்டிக் பயன்படுத்தத் தடை என்பதையும் அதே திருத்தம் சட்டத்தில் ஏற்றியது, அது நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கவலை யாருக்காக வந்தது? 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய இறால் சரக்குகளில் பாதியை மருந்து எச்சத்துக்காகச் சோதிக்க வேண்டும் என்று கறாராக நின்றது. வாங்குபவர் முறைத்தால் சட்டம் நகர்கிறது. அதே இறால் வளர்ந்த ஊரின் அடிபம்புத் தண்ணீருக்காக முறைக்க யார் இருக்கிறார்கள்?

பண்ணை ஆதரவாளர்களின் வாதங்கள்

'மக்களுக்கு மீன் வேண்டாமா?' என்பது முதல் கேள்வி. வேண்டும். 2022-ல் உலக அளவில் வளர்ப்பு மூலம் கிடைத்த மீன், இறால், சிப்பி வகைகள் 94.4 மில்லியன் டன். முதன்முறையாகப் பிடிப்பு மீனை வளர்ப்பு மிஞ்சியது என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு சொல்கிறது. எனவே மீன் வளர்ப்பே கூடாது என்பது அசட்டு வாதம். ஆனால் எந்த மீன், எந்த நிலத்தில், யார் தட்டுக்கு? ஊர்க் குளத்தில் வளரும் கட்லாவும் ரோகுவும் பாசி, நுண்ணுயிர், தவிடு, பிண்ணாக்கு தின்று வளர்ந்து உள்ளூர்ச் சந்தைக்கு வருகின்றன. கேரளத்தின் பொக்காளி வயலில் மழைக்காலத்தில் நெல், அறுப்புக்குப் பிறகு ஓத நீரோடு வரும் இறால். கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலத்தில் நகரத்துக் கழிவுநீரே மீனுக்கு உணவு, சுத்திகரிப்பும் அங்கேயே நடந்துவிடுகிறது. இதெல்லாமும் மீன் வளர்ப்புதான். இவற்றைக் காட்டிவிட்டு ஏற்றுமதி இறால் குட்டைக்கு அனுமதி கேட்பது, பசுவைக் காட்டி எருமையை விற்பது போல.

'டைகர் போய் வனாமி வந்துவிட்டது, தொழில்நுட்பம் மாறிவிட்டது' என்பது அடுத்தது. 1990களின் நடுவில் வெள்ளைப் புள்ளி நோய் வந்து டைகர் பண்ணைகளைக் காலி செய்தது உண்மை. 2009-ல் லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வனாமி அனுமதிக்கப்பட்டதும் உண்மை. நோயற்ற தாய் இறால், குறைந்த நீர் மாற்றம் என்று முன்னேற்றம் இல்லாமல் இல்லை. வனாமிப் பண்ணை எந்த அளவாக இருந்தாலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதி வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆனால் இறால் இனம் மாறினாலும் குட்டையின் உப்பு உப்புதான். விதி எழுதிய காகிதம் கசிவை அடைக்காது.

'அந்நியச் செலாவணி?' என்பது மூன்றாவது. 2023-24-ல் ஏற்றுமதியான இறாலில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வாங்கியது ஒரே நாடு, அமெரிக்கா. 2025 ஆகஸ்டில் அது 50 சதவீத வரி விதித்தபோது இங்கே பண்ணைக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். அவர்களிலும் கடன் வாங்கிக் குட்டை வெட்டிய சிறு விவசாயிகள் ஏராளம். எங்கோ ஒரு அரசு போடும் கையெழுத்தில் கவிழும் தொழிலுக்காக, தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட மண்ணை உப்பாக்குவது என்ன பொருளாதாரம்?

செய்ய வேண்டியது

பெரிய புரட்சியெல்லாம் வேண்டாம். நாலு காரியம் போதும்.

1. ஒவ்வொரு பண்ணைத் தொகுதியைச் சுற்றியும் கண்காணிப்புக் கிணறு தோண்டி, ஒவ்வொரு போகத்துக்கும் உப்பு அளவை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுத வேண்டும்.

2. 'தரிசு' என்பதற்கு இன்றைய மண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. பழைய அடங்கலில் நெல் என்று இருந்தால் அங்கே குட்டைக்கு அனுமதி இல்லை என்று வைத்தால், உப்புத் தரகருக்கு வேலை போய்விடும்.

3. உரிமம் கொடுக்கும்போதே வைப்புத்தொகை வாங்க வேண்டும். கிணறு கெட்டால் அதிலிருந்து நட்டஈடு. நிலச் சொந்தக்காரருக்கு மட்டுமல்ல, வேலை இழந்த கூலிகளுக்கும், முகத்துவாரத்தில் மீன் பிடிப்பவர்களுக்கும்.

4. காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய 2020-ம் ஆண்டுச் சட்டம் எண்ணெய்க் கிணறு, உருக்காலை, தோல் தொழிற்சாலை என்று தடைப் பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் இறால் குட்டை இல்லை. அதைச் சேர்க்க வேண்டும்.

'இப்படிச் செய்தால் இறால் விலை ஏறும், தொழில் கட்டுப்படியாகாது' என்று சொல்வார்கள். சொல்லட்டும். அப்படிச் சொன்னால், இதுவரை கட்டுப்படியானது யார் செலவில் என்பதை அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகும். ஒரு தொழில் தன் குப்பையைத் தானே அள்ளினால் பிழைக்க முடியாது என்றால், அது இத்தனை நாள் பிழைத்தது பக்கத்து வீட்டுப் பணத்தில்.

ஜெகந்நாதன் 2013-ல் காலமாகிவிட்டார். அவர் வாங்கிய தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. இறால் பனிக்கட்டிப் பெட்டிக்குள் பத்திரமாகக் கப்பல் ஏறுகிறது. நல்ல தண்ணீருக்கு மட்டும் கடலோரத்துப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டியிருக்கிறது. அந்த நடையின் கூலியையும் ரூ.40,013 கோடியில் கழித்துவிட்டு, அதன் பிறகு சொல்லட்டும் லாபம் எவ்வளவு என்று.