பிள்ளையின் தண்ணீரைப் பிள்ளையே சுமக்கட்டும்



குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்னும் நால்வகை நிலங்களும் அமைந்த மாவட்டம் நம்முடையது என்று நாம் பெருமையுடன் சொல்வதுண்டு. உண்மைதான். வடக்கே மலை, நடுவே வயலும் குளமும், தெற்கே கடல். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் நமக்குக் கிடைக்கின்றன. இல்லாதது பாலை ஒன்றுதான். நம் பிள்ளைகள் அறியாததும் அதுவே.

ஆயினும் அந்த நிலம் நம் குடும்பங்களுக்கு அந்நியமானதன்று. தேங்காப்பட்டணம், தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், கோட்டாறு என எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் வளைகுடா நாடுகளில் உழைக்கும் வாப்பாமார் பலர் உள்ளனர். அங்கிருந்து வரும் பணமும் பெட்டியும் பிள்ளைகளுக்குத் தெரியும். அங்குள்ள வெயிலும் தாகமும் தெரியா. விடுப்பில் வரும் வாப்பாவோ ஒரு மாதத்தையும் கல்யாண வீடுகளிலும் வீடு கட்டும் அலைச்சலிலும் கழித்துவிட்டுத் திரும்புகிறார்.

அந்த ஒரு மாதத்தில் மூன்று நாட்களைப் பிள்ளைக்கென ஒதுக்குங்கள். முதுகில் ஒரு பையுடன் வறண்ட நிலத்தில் சேர்ந்து நடந்து வாருங்கள். இதுவே என் வேண்டுகோள்.

இதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. மழை குறைந்த இராயலசீமையில், கடப்பா மாவட்டம் ஜம்மலமடுகுக்கு அருகே கண்டிக்கோட்டை இருக்கிறது. தெலுங்கில் ‘கண்டி’ என்றால் மலை இடுக்கு. வட பெண்ணையாறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு ஓடி, சுமார் 300 அடி ஆழமுள்ள பள்ளத்தாக்கை உருவாக்கியிருக்கிறது. அடுக்கடுக்காகத் தெரியும் அந்தச் செம்பாறைகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. பூமியில் பயணம் செய்து, படைப்பின் தொடக்கத்தைச் சிந்திக்குமாறு குர்ஆன் நம்மை அழைப்பதன் பொருளை அந்த விளிம்பில் நிற்கும் பத்து வயதுப் பிள்ளையும் உணரும். கோட்டைக்குள் ஜாமிஆ மஸ்ஜிதும் மாதவராயர் கோயிலும் அருகருகே நிற்பதையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

காலம் முக்கியம். கோடை விடுமுறையில் அங்கே போகவே கூடாது. டிசம்பர் மாத அரையாண்டு விடுமுறையே ஏற்றது. ஆனால் அதற்கு முன் ஓர் ஒத்திகை அவசியம். நமக்கு அருகிலேயே, தூத்துக்குடி மாவட்டத்தில் செம்மணல் தேரிகள் உள்ளன. காயல்பட்டினத்திலோ உடன்குடியிலோ உறவினர் வீட்டில் இரவு தங்கி, ஃபஜ்ர் தொழுதவுடன் புறப்பட்டு, வெயில் ஏறும் முன் திரும்பிவிடலாம். குதிரைமொழித் தேரி காப்புக்காடு என்பதால் வனத்துறையின் அனுமதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மகளுடன் நான் சென்ற ஒத்திகை எனக்குத்தான் பாடமாக அமைந்தது. பையை நானே அடுக்கினேன். தண்ணீரையும் நானே நிரப்பினேன். பாதி வழியிலேயே அவளுடைய புட்டி காலியாயிற்று. உடனே என் பையிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தவள், மீதி நீரால் முகத்தையும் கழுவிக்கொண்டாள். குறை அவளுடையதன்று. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. வீட்டிலும் நாம் அப்படித்தான் இருக்கிறோம். பள்ளிப் பையை அடுக்குவதும் நாமே, சுமப்பதும் நாமே. பிறகு பிள்ளைக்குப் பொறுப்பு வரவில்லை என்று வருந்துகிறோம்.

அடுத்த முறை அவளையே திட்டமிடச் செய்தேன். பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 3 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. வெயிலில் நடக்கும் பிள்ளைக்கு மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் தேவைப்படும். இந்தக் கணக்கை அவளே போட்டாள். பொம்மையும் கூடுதல் உடுப்பும் வெளியே போயின. நேந்திரங்காய் சிப்ஸ், அவல், கருப்பட்டி, பேரீச்சம்பழம், தொப்பி, விசில் ஆகியன உள்ளே வந்தன. அவள் சுமந்தது அவளுக்கான முதல் இரண்டு மணி நேரத் தண்ணீரை மட்டுமே. எஞ்சியதும் அவசரத் தேவைக்கானதும் எப்போதும் பெரியவர்களின் பையிலேயே இருக்க வேண்டும். தாகத்தால் பிள்ளையை வருத்துவது நோக்கமன்று. எண்ணிச் செலவிடப் பழக்குவதே நோக்கம்.

பெரியவர்கள் விட்டுக்கொடுக்கக் கூடாதவையும் உண்டு. பள்ளத்தாக்கின் விளிம்பில் பல இடங்களில் தடுப்பு இல்லை. அங்கே பிள்ளையின் கை நம் கையில் இருக்க வேண்டும். ஆற்றில் இறங்கிக் குளிக்க வேண்டாம். எங்கோ தொலைவில் பெய்த மழை, தெளிந்த வானத்தின் கீழும் பள்ளத்தாக்கில் வெள்ளமாக வரக்கூடும். ஓமானின் வாடிகளில் பணிபுரிந்தோருக்கு இது நன்றாகத் தெரியும். முற்பகல் பத்து மணிக்குள் நடையை முடித்து நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

மூவர் பயணம் சென்றால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். தொழுகை நேரம், கிப்லாவின் திசை, தண்ணீர் அருந்த நிற்கும் இடம் ஆகிய மூன்றுக்கும் பிள்ளையை அமீராக்கிப் பாருங்கள். கஸ்ர் தொழுகையையும் தயம்மும் செய்வதையும் மதரஸாவில் பாடமாக ஓதிய பிள்ளை, இருக்கும் நீர் குடிக்க மட்டுமே போதுமான இடத்தில்தான் அந்தச் சலுகையின் அருமையை உணரும். மத்ஹபுக்கேற்ற சட்டங்களைப் புறப்படுமுன் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் பிள்ளையையே கேட்டுவரச் சொல்லுங்கள்.

“பச்சைப் பிள்ளையை ஏன் வெயிலில் வாட்டுகிறாய்? அதுவும் பொம்பளப் பிள்ளையை?” என்று என் உம்மா கேட்டார். அன்பினால் எழுந்த கேள்வி அது. உம்மாவுக்கு நான் சொன்ன பதில் ஒன்றுதான்: சஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே தண்ணீர் தேடி ஓடியவர் ஒரு பெண். அன்னை ஹாஜரின் அந்த ஓட்டத்தையே ஹஜ்ஜுக்குச் செல்லும் ஆண்களும் இன்றுவரை பின்பற்றுகிறார்கள். வறண்ட நிலத்தில் திடமாக நிற்பது ஆண்பிள்ளைக்கு மட்டும் உரிய பாடமன்று. உம்மா சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, அவல் பொட்டலத்தை எடுத்து வந்து கொடுத்தார்.

ஊர் திரும்பிய அன்று மாலை, ஒளூ செய்யப் போன என் மகள் குழாயைப் பாதியளவே திறந்தாள். யாரும் சொல்லவில்லை. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்று அவளுக்குப் பலமுறை ஓதிக் கொடுத்திருக்கிறோம். தன் தோளில் தண்ணீரைச் சுமந்த பிறகே அது அவளுக்கு விளங்கியது.

வரும் அரையாண்டு விடுமுறைக்கு இப்போதே பிள்ளையுடன் அமர்ந்து பேசுங்கள். எழுதுகோலைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், பயணம் அங்கேயே தொடங்கிவிடும்.