வாக்காளர் அட்டையும் விவசாயியின் அலைச்சலும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காவிரிப் பாசன விவசாயிக்கு ஒரு நாளை ஒதுக்குவது எளிதல்ல. சம்பாவுக்குக் களையெடுக்க வேண்டும். மேலுரம் இட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் வரப்பை வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2025ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது சரியாக இந்தப் பருவத்தில்தான். நவம்பர் 4ஆம் தேதி தொடங்கி டிசம்பர் 4ஆம் தேதி முடிய வேண்டிய படிவப் பணி, பிறகு டிசம்பர் 14 வரை நீட்டிக்கப்பட்டது. இடையே டிட்வா புயலின் மழை வேறு. இந்தக் கால அட்டவணையைத் தயாரித்தவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்க்காவிட்டாலும், வேளாண்மைத் துறையையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஓட்டுப் போட அடையாளம் காட்டு என்று கேட்பது கிராமத்தாருக்குச் சுமையா என்ற கேள்வி அவ்வப்போது எழுகிறது. "ரேஷன் கடையில் கார்டு காட்டுகிறார்கள், உர மூட்டைக்குக் கைரேகை வைக்கிறார்கள், ஓட்டுக்கு மட்டும் காட்டக் கூடாதா?" என்று நகரத்தில் கேட்போர் உண்டு. உரம் இன்று கிடைக்காவிட்டால் நாளை வாங்கிக்கொள்ளலாம். ஓட்டுப் பதிவு ஒரே நாள். அது போனால் ஐந்து ஆண்டுகள் போயின. எனவே இரண்டையும் ஒன்றாக எடைபோடுவது பொருந்தாது. அதற்காக அட்டையே வேண்டாம் என்று சொல்லிவிடவும் முடியாது.

அட்டை வருவதற்கு முன் இருந்த நிலையைப் பெரியவர்கள் அறிவார்கள். வாக்குச் சாவடியில் வாக்காளரை அடையாளம் காட்டத் தக்க ஆட்களை வாக்குச் சாவடித் தலைமை அலுவலர் அமர்த்திக்கொள்ளலாம் என்று 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகள் கூறுகின்றன. கிராமத்தில் அந்த ஆள் பெரும்பாலும் மணியக்காரராகவோ கர்ணமாகவோதான் இருக்க முடியும். இவர் அவர் அல்லர் என்று ஒரு வேட்பாளரின் ஏஜெண்டு ஆட்சேபித்தால், இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்ல வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார். ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால் இது சுலபமான ஏற்பாடு போலத் தோன்றும். ஆனால் தெரிந்தவர் வாய் திறந்து சொல்ல வேண்டுமே! பண்ணையில் கூலி வேலை செய்தவரும், சேரியில் குடியிருந்தவரும் தம்மைத் தாமே நிரூபிக்க ஊர்ப் பெரிய மனிதரின் தலையசைப்பை நம்பியிருந்த காலம் அது. பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி தமிழ்நாட்டில் 1980ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. 1993ஆம் ஆண்டில், டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, புகைப்பட அடையாள அட்டை வழங்க உத்தரவாயிற்று. அட்டையைக் கையில் வைத்திருப்பவர் யாருடைய தயவும் இன்றி வரிசையில் நிற்கலாம். தன் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டுப் போன ஏமாற்றமும் குறைந்தது. இந்த நன்மையைச் சிறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஓட்டுப் பதிவு நாளில் விதி அப்படியொன்றும் கடுமையாகவும் இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்காளர் அட்டை கைவசம் இல்லாதவர்கள் வேறு பன்னிரண்டு வகை ஆவணங்களில் ஒன்றைக் காட்டலாம் என்று தேர்தல் ஆணையம் அறிவித்தது. ஆதார், படம் ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலையப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவை அவற்றில் அடக்கம். அட்டையில் பெயரில் சிறு எழுத்துப் பிழை இருந்தாலும், ஆள் அவர்தான் என்று தெரிந்தால் ஓட்டுப் போட விட வேண்டும் என்பதே ஆணையத்தின் அறிவுரை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் ஆதாரமாக எடுத்துக் கொடுக்கும் ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொரு வசதியும் கைநழுவிப் போயிற்று. 2014 தேர்தலில், வாக்குச் சாவடி நிலை அலுவலர் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்த படம் போட்ட சீட்டையே அடையாளமாகக் காட்டலாம். அதில் பாதுகாப்பு அம்சம் இல்லை, தவறாகப் பயன்படுகிறது என்ற புகாரின் பேரில் 2019 முதல் அந்தச் சீட்டு மட்டும் போதாது என்றாயிற்று. புகாரில் நியாயம் இருக்கலாம். ஆயினும் அரசு தேடி வந்து கொடுத்ததை நிறுத்தும்போது, அதே எளிமையுள்ள வேறொன்றைக் கொடுத்திருக்க வேண்டும்.

உண்மையான சிரமம் சாவடியில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. கையில் அட்டை பளபளவென்று இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. பட்டியலில் பெயரை நிலைநிறுத்துவதற்குக் கேட்கப்படும் ஆதாரங்கள் சாவடியில் கேட்கப்படுபவை போன்றவை அல்ல. 2025 திருத்தத்துக்கென முதலில் அறிவிக்கப்பட்டவை பதினொன்று. பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், பள்ளிச் சான்று, அரசு ஊழியர் அல்லது ஓய்வூதியர் ஆவணம், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வன உரிமைச் சான்று என்று அது போகிறது. அரசு ஒதுக்கிய நிலம், வீட்டுக்கான சான்றும் உண்டு. பாட்டன் வழியில் வந்த இரண்டு ஏக்கருக்கான சாதாரணப் பட்டா என்று எதுவும் அதில் இல்லை. நூறு நாள் வேலை அட்டை இல்லை. வாக்காளர் அட்டையே இல்லை! ஆதாரும் முதலில் இல்லை. பீகார் திருத்தம் தொடர்பான வழக்கில் 2025 செப்டம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே அது பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது. அதுவும் அடையாளத்துக்குத்தானே தவிர, குடியுரிமைக்கு அத்தாட்சி ஆகாது.

இவற்றில் எது அறுபது வயதான ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண்ணிடம் இருக்கும்? அவர் வீட்டில் பிறந்தவர்; பிறப்பைப் பதிவு செய்தவர் யாருமில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. பாஸ்போர்ட் எடுக்கும் அவசியமும் வந்ததில்லை. எஞ்சுவது சாதிச் சான்றும் இருப்பிடச் சான்றும். அவற்றுக்கு விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் படிவத்தோடு ஆவணம் எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியலில் தம் பெயரோ, பெற்றோர் அல்லது உறவினர் பெயரோ இருந்த இடத்தைக் குறிப்பிட்டால் போதும். ஆனால் இந்தப் "போதும்" ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக அமையவில்லை. ஆண் பிறந்த ஊரிலேயே இருக்கிறான். பழைய பட்டியல் அதே சாவடியில் கிடைக்கும். பெண் வாழ்க்கைப்பட்டு வேறு ஊருக்கு, பல வேளைகளில் வேறு மாவட்டத்துக்கு வந்தவள். இருபது ஆண்டுகளுக்கு முன் தாய்வீட்டு ஊர் எந்தத் தொகுதியில் இருந்தது, பாகம் எண் என்ன, வரிசை எண் என்ன என்று அவள் தேட வேண்டும். "கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாமே" என்கிறார்கள். பட்டனை அமுக்கிப் பேசும் பழைய போனில் பார்க்க முடியாது.

2025 டிசம்பர் 19ஆம் தேதி வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். இடம் மாறியவர்கள் அல்லது வீட்டில் காணப்படாதவர்கள் என்று எழுதப்பட்டவர்கள் சுமார் 66 லட்சம். அதிகமாக விடுபட்டது சென்னையில்தான், கிராமங்களில் அல்ல. இது வியப்பல்ல. கிராமத்தில் படிவம் கொண்டு வருபவர் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளர் அல்லது ஆசிரியர். யார் இருக்கிறார், யார் இறந்தார் என்று அவருக்குத் தெரியும். வீடு பூட்டியிருந்தாலும் பக்கத்து வயலில் கூப்பிட்டுக் கேட்கலாம். காகிதத்தைவிட இந்த நேரடி அறிவு மேலானது என்பதை அதிகாரிகள் மனத்தில் கொள்வது நலம்.

ஆனால் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போகிறவர்கள் உண்டே. கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு போகும் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டத்து ஏழைகள் "காணப்படாதவர்" ஆகிவிடக் கூடாது. பீகாரில் 2025ஆம் ஆண்டு ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை படிவம் வாங்கினார்கள். அது அங்கே நடவுக் காலம். பஞ்சாபுக்கு நாற்று நடப் போனவர்களும் திரும்பாத காலம். வடக்கிலிருந்து நம் டெல்டாவுக்கே வந்து நடவு செய்கிறவர்களைப் பார்த்திருக்கும் நம் விவசாயிகளுக்கு இது புரியும். அங்கே வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. காரணத்தோடு அந்தப் பெயர்களை வெளியிடும்படி உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு 14ஆம் தேதி உத்தரவிட வேண்டி வந்தது. தற்காலிகமாக ஊரில் இல்லாததனால் மட்டும் ஒருவர் அந்த ஊர் வாசி அல்லர் என்றாகிவிடாது என்று 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆவது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. சட்டம் சொல்வதை, படிவத்தோடு வீடு வீடாகப் போகிறவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

செலவுக் கணக்கையும் பார்ப்போம். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். ஒரு சான்றுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு இரண்டு நடை என்றால் 672 ரூபாய் கூலி போயிற்று. பஸ் செலவு, நகல் எடுக்கும் செலவு, வழியில் டீ தனி. ஓட்டுக்குப் பணம் வாங்குவதைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறார்கள். ஓட்டுக்காகப் பணம் செலவழிக்கிற ஏழையைப் பற்றிப் பேசுவாரைக் காணோம்.

எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் வாக்காளரைத் தேடிப் போக இந்த நாட்டின் தேர்தல் துறையால் முடியும். குஜராத்தின் கிர் காட்டுக்குள் பானேஜ் என்ற இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காகச் சாவடி அமைத்தார்கள். வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டாம் என்பதும் அவர்கள் வகுத்த நெறிதான். சாவடி ஊருக்கு வரும்போது, சான்று கொடுக்கும் அதிகாரி ஏன் வரக் கூடாது? பட்டியல் திருத்தம் நடக்கும் மாதத்தில் ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு நாள் தாசில்தார் அலுவலக ஊழியர்களை உட்கார வைத்து, கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் இருப்பிடச் சான்றை அங்கேயே கொடுக்கலாம். ஆளைத் தெரிந்த இரண்டு அயலார் சாட்சி சொன்னால் அதை ஏற்க வேண்டும். பழைய காலத்தைப் போல ஒரு பெரிய மனிதரை மட்டும் நம்பாமல், மகளிர் குழுவினர் சாட்சியமும் செல்லும் என்று வைக்கலாம். நீக்கப்படும் பெயர்களைக் கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டும். எந்த மாதம் என்பதை மாநிலம் முழுமைக்கும் ஒன்றாக வைப்பது சரிவராது. டெல்டாவுக்குத் தை அறுவடைக்குப் பின் நல்லது. சூளைக்குப் போகும் வட்டங்களில் அப்போது வீடுகள் பூட்டிக் கிடக்கும். அங்கே மழைக்காலமே மேல். பயிருக்குப் பட்டம் பார்ப்பது போல இதற்கும் வட்டாரம் பார்த்து நாள் குறிக்கலாம்.

விவசாயிகள் தம் பங்குக்குச் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. வாக்காளர் அட்டை இருக்கிறது என்று சும்மா இருந்துவிடாமல், பட்டியலில் தம் பெயரும் வீட்டுப் பெண்கள் பெயரும் இருக்கிறதா என்று வேலை குறைந்த ஒரு நாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. பிழை திருத்தவும் இடம் மாற்றவும் படிவம் 8. வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க இயலாது. கொடுத்த படிவத்துக்கு ரசீது வாங்கி, பாஸ்புக்கோடு வைத்துக்கொள்ளவும். விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீசு வந்தால், நடவு நாளாக இருந்தாலும் போய்விடுவதே நல்லது. பெயரை நீக்கி உத்தரவு வந்தால், 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் சரியாகாவிட்டால் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.