சுவருக்குள்ள ஒரு எலிப்பொறி!

ஐஸ் கட்டியை மரத்தூள்ல புதைச்சு, சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. மரத்தூள் ஐஸைக் குளிரவைக்கிறதில்லை. வெளியில இருக்கிற சூட்டை உள்ளே விடாது, அவ்வளவுதான். இதையே சுவருக்குச் செஞ்சா, அதுக்குப் பேர் இன்சுலேஷன்!

சென்னையில மே மாச வெயிலை மேற்குப் பக்கச் சுவர் சாயங்காலம் வரை குடிச்சுட்டு, நாம படுக்கப் போற நேரத்துல ரூமுக்குள்ள கக்கும். அதோட மல்லுக்கட்டுறது ஏ.சி.தான். ஒரு டன் ஏ.சி. முழு வீச்சுல ஒரு மணி நேரம் ஓடினா ஏறக்குறைய ஒரு யூனிட் கரன்ட் காலி. ராத்திரியில சோலார் கைகொடுக்காது, நிலக்கரியைத்தான் நம்பணும். இந்தியாவுல சராசரியா ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகுது. கூடவே கந்தக டை ஆக்ஸைடு, நுண்தூசி, சாம்பல். நம்ம ரூம் ஜில்லுனு இருக்க, அந்தப் புகையைச் சுவாசிக்கிறது எண்ணூர், அத்திப்பட்டு மக்கள்!

இதுக்கு ஒரு சிம்பிள் வழியைப் பரப்பினவர் லாரி பேக்கர். இங்கிலாந்துல பிறந்து, கேரளாவுல வாழ்ந்து, 2007ல மறைஞ்ச கட்டடக் கலைஞர். 'ரேட் டிராப்' கட்டு, அதாவது எலிப்பொறி முறை. செங்கல்லைப் படுக்கவைக்காம, பக்கவாட்டுல நிறுத்தி அடுக்கணும். சுவருக்கு நடுவுல பொந்து பொந்தா காத்து அடைபட்டு நிக்கும். அசையாத காத்தைவிட செங்கல் 20 மடங்குக்கு மேல வெப்பத்தைக் கடத்தும். ஆக, அந்தப் பொந்துதான் சுவரோட மரத்தூள்! செங்கல்லும் ஏறத்தாழ கால்வாசி மிச்சம். அந்த அளவுக்குச் செங்கல் சூளைப் புகையும் மிச்சம்.

ஏற்கெனவே கட்டின வீடா? மேற்குச் சுவருக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கலாம். கொடி படரவிடலாம். ஜன்னலுக்கு வெளியே நிழல் கட்டாயம் வேணும். மாடி ரூம்னா முதல் வில்லன் மேல்தளம்தான், அதையும் கவனிங்க.

வெளிச்சுவர், ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள நுழையுற வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாதுனு 2018லயே மத்திய அரசோட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' சொல்லிடுச்சு. சிவில் படிக்கிற மக்களே, உங்க ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் ரெடி!

மத்தவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. வீட்டுல புது வீடு கட்டுற பேச்சு வந்தா, டைல்ஸ் கலருக்குச் சண்டை போடுறதுக்கு முன்னாடி, "சுவர் எப்படிப்பா கட்டப் போறோம்?"னு கேளுங்க. டைல்ஸை எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம். சுவரை?