கொண்டித் தொழுவத்தில் லக்ஷ்மி

தஞ்சை ஜில்லாவில் கறவைப் பசுவுக்கு லக்ஷ்மி என்றோ காமாக்ஷி என்றோ பெயரிட்டு, வீட்டுப் பெண்களில் ஒருத்தியாகவே அதைப் பாவிப்பவர்கள் உண்டு. அந்த லக்ஷ்மி ஒரு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் வாய்க்கால் கரையில் மேய்ந்தாள். பிடித்துக் கொண்டித் தொழுவத்தில் அடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் என்ன செய்கிறார்கள்? சிலர் அதிகாரியின் வாசலில் நின்று கெஞ்சுகிறார்கள். சிலர் இருட்டிய பிறகு தொழுவத்துப் படலைத் திறந்து ஓட்டி வந்துவிடுகிறார்கள். கெஞ்சுவது வீண், ஓட்டி வருவது குற்றம்.

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்து நியாயம் கேட்டதாகச் சொல்லும் திருவாரூர் நமக்குத் தொலைவில் இல்லை. இக்காலத்துப் பசுவுக்காக அதன் சொந்தக்காரர்தான் மணி அடிக்க வேண்டும். அது எங்கே தொங்குகிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை.

வெள்ளைக்கார சர்க்கார் 1871-ஆம் வருஷம் இயற்றிய கால்நடை அத்துமீறல் சட்டத்தில் அது தொங்குகிறது. நாற்றங்காலை மிதித்த மாட்டைப் பிடிக்கக் குடியானவருக்கு அச்சட்டம் உரிமை கொடுத்தது. நியாயந்தான், நாற்றும் ஒருவருடைய பிழைப்பு அல்லவா? ரஸ்தா, கால்வாய், கரை இவற்றின் பொறுப்பாளருக்கும் போலீஸாருக்கும் அதே உரிமை உண்டு. ஆனால் பிடித்தவருடைய கையையும் சட்டம் கட்டிப் போட்டது. மாட்டை 24 மணி நேரத்துக்குள் தொழுவத்துக்கு அனுப்ப வேண்டும். தீனியும் தண்ணீரும் குறைத்த தொழுவக்காரருக்கே அபராதம் உண்டு. 7 நாள் வரையில் ஒருவரும் கேட்டு வராவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் விளம்பரம் ஒட்டி, கிராமத்திலும் சந்தையிலும் தண்டோராப் போட வேண்டும். அதற்குப் பின் இன்னும் 7 நாள் கழிந்தாலொழிய ஏலம் கூடாது. அந்த ஏலத்தில் போலீஸ் உத்தியோகஸ்தரோ தொழுவக்காரரோ நேராகவும், பினாமியாகவும் மாட்டை வாங்கலாகாது. இந்த ஒரு பிரிவை எழுதியவர் உலகம் அறிந்தவர் என்றே நாம் நினைக்கிறோம்!

பிடித்ததே அக்கிரமம் என்று தோன்றினால் என்ன செய்வது? அபராதத்தையும் தீனிச் செலவையும் டிபாஸிட்டாகக் கட்டி, 'பிராது செய்யப் போகிறேன்' என்று சொன்னால் மாட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பிடித்த தினத்திலிருந்து 10 நாளைக்குள் மாஜிஸ்டிரேட்டிடம் முறையிட வேண்டும். வாய்மொழியாகச் சொன்னாலும் போதும். எழுதத் தெரியாத கூலிக்காரருக்கு இது பெரிய வசதி. வழக்கு ஜயித்தால் கட்டிய பணம் திரும்பி வரும். நஷ்ட ஈடும் உண்டு. அதற்கு மூலச் சட்டம் வைத்த உச்ச வரம்பு 100 ரூபாய். 1871-இல் அது ஒரு தொகை. இன்று ஒரு வேளைத் தவிட்டுக்கே போதுமோ, போதாதோ! தஞ்சை, கும்பகோணம் போன்ற நகரங்களின் தெருக்களில் திரியும் மாடுகளுக்கோ மாநகராட்சியின் விதிகள் தனியாக இருக்கின்றன. எந்த விதியின்கீழ் பிடித்தார்கள் என்று முதலில் கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

மேற்சொன்ன சட்டத்தில் கால்நடை என்றால் யானையும் ஒட்டகமும்கூட அடங்கும். நாய் அடங்காது. தெரு நாய்களைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு 2025 ஆகஸ்டு 11-ந் தேதி பிறப்பித்த உத்தரவும், 22-ந் தேதி அதைத் திருத்திய உத்தரவும் வீட்டு நாய் வளர்ப்போரையும் கலக்கிவிட்டன. அவை தெரு நாய்க்கு ஏற்பட்டவை. வீட்டு நாய் அதன் சொந்தக்காரருடைய சொத்து. சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவருடைய சொத்தைப் பறிக்கலாகாது என்பது அரசியல் சட்டத்தின் 300-ஏ பிரிவு. பழைய தண்டனைச் சட்டமோ, கொல்லப்பட்ட பிராணிக்கு 10 ரூபாயாவது மதிப்பு உண்டா என்று பார்த்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த நியாய ஸம்ஹிதையின் 325-ஆம் பிரிவு அந்தக் கணக்கை விட்டுவிட்டது. எந்தப் பிராணியை அக்கிரமமாகக் கொன்று சொந்தக்காரருக்கு நஷ்டம் விளைவித்தாலும் 5 வருஷம் வரையில் சிறை உண்டு. ஆயினும் இது வீட்டு நாய்தான் என்று காட்டக் கழுத்தில் ஒரு பட்டையும், பெட்டியில் வெறிநாய்த் தடுப்பூசிச் சீட்டும் இருக்கட்டும். வண்டி வாசலில் வந்து நிற்கும்போது சட்டப் புஸ்தகத்தைவிட அந்தச் சீட்டே முதலில் உதவும்.